மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்: வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

பூச்சுக்கும் டைல்ஸுக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் போய்விட்ட ஏதோ ஒன்றைப் பற்றித்தான் இந்த முறை பல கேள்விகள் வந்திருக்கின்றன. மூடும் முன்னால் அரை நாள் நின்று அளந்து பார்த்திருந்தால் இவற்றில் சில எழுந்தே இருக்காது. அனுமதி விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஆய்வாளர் எதைப் பார்ப்பார், ஏன் பார்ப்பார் என்பது பெரிதாக மாறுவதில்லை. அதை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கே: ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு ஒரே அறையாக்க நினைக்கிறோம். தனி வீடு, மேலே ஒரு மாடி இருக்கிறது. "நாலரை இன்ச் சுவர்தானே, தாராளமாக இடிக்கலாம்" என்கிறார் மேஸ்திரி. இடிக்கலாமா? இதற்கு அனுமதி வேண்டுமா?

ப: சுவரின் தடிமனை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒன்பது இன்ச் சுவர் சுமை தாங்கும், நாலரை இன்ச் சுவர் வெறும் தடுப்பு என்பது பல வீடுகளுக்குப் பொருந்தும், எல்லா வீட்டுக்கும் அல்ல. பில்லரும் பீமும் வைத்துக் கட்டிய வீட்டில் ஒன்பது இன்ச் வெளிச்சுவர்கூடத் தன் எடையைத் தவிர வேறெதையும் சுமக்காமல் நிற்கும். சுவர்மேல் நேராகத் தளம் போட்ட பழைய வீட்டிலோ, நாலரை இன்ச் சுவர் மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். தடுப்பாகவே கட்டப்பட்ட சுவராக இருந்தாலும், ஆண்டுகள் போகப் போகத் தளம் சில மில்லிமீட்டர் தொய்ந்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவது உண்டு.

மூன்று இடங்களைப் பாருங்கள். சுவரின் உச்சியில், தளத்தை ஒட்டி ஒரு அடி நீளத்துக்குப் பூச்சைத் தட்டி எடுங்கள். அங்கே பீம் இருக்கிறதா, செங்கல் நேராகத் தளத்தைத் தொடுகிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்து, மாடியில் அதே கோட்டில் சுவர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், கீழ்ச்சுவரை எடுக்கும்போது அந்தச் சுவரின் எடைக்கும் வழி சொல்லியாக வேண்டும். மூன்றாவது, தளக் கம்பியின் போக்கு. முக்கியக் கம்பி பெரும்பாலும் குறுகிய பக்கமாகத்தான் ஓடும். நீங்கள் எடுக்கப்போகும் சுவர் அந்த ஓட்டத்தின் நடுவே தாங்கியாக இருந்தால், அதை எடுத்ததும் தளத்தின் இடைவெளி, அதாவது ஒரு தாங்கிக்கும் அடுத்த தாங்கிக்கும் நடுவே உள்ள தூரம், இருமடங்காகும். தளத்தை வளைக்கும் விசை இடைவெளியின் வர்க்கத்தோடு ஏறும், அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு. அதோடு, நடுவில் தாங்கி இருந்த இடத்தில் கம்பி தளத்தின் மேற்பகுதியில் இருக்கும். தாங்கி போன பிறகு கம்பி வேண்டியது அடிப்பகுதியில். இதைப் பூச்சு வேலையால் சரிசெய்ய முடியாது.

சுமை தாங்கும் சுவர் என்று தெரிந்தால், கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரும் இரும்பு பீமோ கான்கிரீட் பீமோ வைத்த பிறகுதான் சுவர் வெளியே போக வேண்டும். இரண்டு பக்கமும் தளத்துக்கு முட்டு கொடுப்பது முதல் வேலை. மேலே சுவர் இருந்தால், அதில் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு ஒன்றாகத் துளை போட்டுக் குறுக்கே இரும்புச் சட்டம் செருகி, அதன் இரு முனைகளுக்கும் முட்டு கொடுக்க வேண்டும். பீமின் முனைகள் வெறும் செங்கல்மேல் உட்காரக் கூடாது. கான்கிரீட் படுகை போட்டு, ஒவ்வொரு முனையும் குறைந்தது 150 மி.மீ. அதன்மேல் அமர வேண்டும். பீமுக்கும் மேலே உள்ள தளத்துக்கும் இடையே இருக்கும் சந்தில் தண்ணீர் குறைந்த கெட்டிக் கலவையை இடித்து இடித்து இறுக்குவதுதான் கடைசி வேலை, அவசரத்தில் கெட்டுப்போவதும் அதுதான். கலவையைச் சும்மா பூசிவிட்டு முட்டுகளை எடுத்தால் தளம் அந்தச் சந்தை நிரப்புமளவு கீழே இறங்கும். மாடித் தரையில் விரிசல் வருவது அப்படித்தான்.

அனுமதி? வண்ணம் பூசவும் தரை மாற்றவும் பொதுவாகத் தேவைப்படாது. கட்டமைப்பைத் தொடும் வேலைக்குப் பெரும்பாலான இடங்களில் தேவை. பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தோடு உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். நாளை விற்கும்போதும், காப்பீடு கோரும்போதும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

கே: அனுமதி வரைபடத்தில் பக்கவாட்டு இடைவெளி (வீட்டுச் சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடம்) 1.5 மீட்டர். அதன்படியே கட்டினோம். இப்போது அளந்தால் 1.44 மீட்டர்தான் வருகிறது. மேஸ்திரி தப்பாக அளந்துவிட்டாரா?

ப: அவர் செங்கல் முகத்தைச் சரியாக 1.5 மீட்டரில் நிறுத்தியிருப்பார். அதன்மேல் வெளிப்பூச்சு 20 மி.மீ., அலங்காரக் கல் ஒட்டும் கலவை 15, கல் 25. மொத்தம் 60 மி.மீ. போய்விட்டது. ஆய்வுக்கு வருபவர் முடித்த முகத்திலிருந்து அளந்தால் அது விதிமீறல் கணக்கில் வரும். சில இடங்களில் சிறு விலகலுக்கு விதியே இடம் தரும், சில இடங்களில் தராது. உங்கள் பகுதி விதியைப் படித்துப் பாருங்கள். கல் ஒட்டியது அந்தப் பக்கம் மட்டுமென்றால் அதை எடுத்துவிட்டாலே 40 மி.மீ. திரும்பக் கிடைக்கும். மீதி 20 மி.மீ.க்கு, கட்டியபடி உள்ள அளவுகளைக் காட்டும் திருத்த வரைபடத்தை இறுதி ஆய்வுக்கு முன்னால் நீங்களே கொடுத்துவிடுங்கள். ஆய்வில் பிடிபட்ட பிறகு கொடுப்பதைவிட இது எவ்வளவோ எளிது.

இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கு: நில அளவையாளரை வைத்து எல்லைக் கல்லை முதலில் உறுதிசெய்யுங்கள். பக்கத்து வீட்டு மதில் எல்லையில்தான் நிற்கிறது என்று நம்ப வேண்டாம். செங்கல் முகத்தை 75 மி.மீ. உள்ளே தள்ளி நூல் கட்டுங்கள். மூலைமட்டம் சரியா என்பதை மூலைவிட்டத்தால் பாருங்கள். 9 மீட்டருக்கு 12 மீட்டர் வீட்டில் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 15 மீட்டர் வர வேண்டும். சன்ஷேடு, வெளிப்படிக்கட்டு, ஏசியின் வெளிப்பெட்டி ஆகியவை அந்த இடைவெளிக்குள் எவ்வளவு நீளலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கே: மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு ஐந்து நாள் ஆகிறது. "பலகை அடுத்த சைட்டுக்கு வேண்டும்" என்று சென்ட்ரிங் பிரிக்கக் கேட்கிறார்கள். அறை 4 மீட்டர் அகலம்.

ப: முட்டுகளை எடுக்க விடாதீர்கள். இந்தியக் கான்கிரீட் நெறிநூலான ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு இது: 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கும், வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத நாட்களுக்கும் பொருந்தும். சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் என்றால் வலு மெதுவாகத்தான் ஏறும், இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். பலகை அவசரம் என்றால், 3 நாளுக்குப் பிறகு தளப் பலகையை எடுத்துவிட்டு உடனே முட்டைத் திரும்ப நிறுத்த அதே நெறிநூல் இடம் தருகிறது. உடனே என்றால், ஒரு பகுதியைப் பிரித்து அங்கே முட்டை நிறுத்திய பிறகுதான் அடுத்த பகுதியைத் தொட வேண்டும். மொத்தத்தையும் பிரித்துப்போட்டுவிட்டு மறுநாள் முட்டு வைப்பதில் பயனில்லை.

முட்டு எடுக்கும் வரிசையும் முக்கியம். இரண்டு பக்கமும் தாங்கி உள்ள தளத்தில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி எடுக்க வேண்டும். பால்கனி, சன்ஷேடு போல வெளியே நீட்டியிருப்பவற்றில் நுனியிலிருந்து சுவர் நோக்கி. தலைகீழாக எடுத்தால், வளைவைத் தாங்கும்படி எங்கே கணக்கிடவில்லையோ அங்கே தளம் வளையும்.

பால்கனி பற்றி இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறோம். அங்கே உயிர் காக்கும் கம்பி மேற்பகுதியில் இருக்கிறது. கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து மிதித்து அது அடியில் போய்விடும். கம்பி இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இடிந்து விழும் பால்கனிகளில் இது அடிக்கடி காணப்படும் காரணம். கம்பிக்கு அடியில் அதைத் தூக்கி நிறுத்தும் நாற்காலிக் கம்பிகள் வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் லாரி வருவதற்கு முன்னால் குனிந்து பாருங்கள். நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள்.

கலவையைத் தளர்த்தத் தண்ணீர் ஊற்றுவதையும் கவனியுங்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு நீர்–சிமென்ட் விகிதம் 0.5 என்றால் 25 லிட்டர். மணலில் உள்ள ஈரமும் அந்த 25க்குள் அடக்கம். விகிதம் 0.6 ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும்.

கே: மாடிக் குளியலறைக்குக் கீழே உள்ள அறையின் சீலிங்கில் ஈரத் திட்டு. டைல்ஸ் இடுக்கையெல்லாம் எபாக்ஸியால் அடைத்தோம். இரண்டு மாதம் நின்றது, திரும்ப வந்துவிட்டது. எல்லாவற்றையும் உடைக்க வேண்டுமா?

ப: உடைப்பதற்கு முன் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள். வழிகள் நான்கு: அழுத்தம் உள்ள விநியோகக் குழாய், கழிவுக் குழாய், தரை, ஷவர் அடிக்கும் சுவர்.

குழாயிலிருந்து தொடங்குங்கள். இரவு எல்லா டேப்பையும் மூடி, மோட்டார் ஓடாமல் பார்த்துக்கொண்டு, மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் விநியோகக் குழாயில் கசிவு. அடுத்த இரவு கீசர் வால்வை மட்டும் மூடிப் பாருங்கள், வெந்நீர்க் குழாயா தண்ணீர்க் குழாயா என்பது பிரியும். மட்டம் இறங்கவில்லை என்றால் கழிவு வழிகளுக்கு வாருங்கள். முதல் நாள் தரையை நனைக்காமல், நிறம் கலந்த ஒரு வாளித் தண்ணீரை வாஷ்பேசினிலேயே ஊற்றுங்கள். மறுநாள் கழிவறைக் கோப்பை. மூன்றாம் நாள் தரை டிராப்பின் (தரையிலிருந்து தண்ணீர் வடியும் துளை) வாயை அடைத்து, தரையில் ஒரு இன்ச் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். நான்காம் நாள் ஷவரை டைல்ஸ் சுவரில் அடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சோதனைதான், ஏனென்றால் தளத்தைக் கடந்து நீர் கீழே தெரியப் பல மணி நேரம் ஆகும். இரண்டை ஒரே நாளில் செய்தால் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

தாழ்தளக் குளியலறை (தளத்தைத் தாழ்த்திப் போட்டு மேலே நிரப்பியது) என்றால் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே நிரப்பிய செங்கல் ஜல்லி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கசிவைச் சரிசெய்த பிறகும் வாரக்கணக்கில் சொட்டும். வேலை சரியில்லை என்று நினைத்து மீண்டும் உடைத்துவிடாதீர்கள்.

டைல்ஸ் இடுக்கை அடைத்தது ஏன் நிற்கவில்லை? டைல்ஸும் அதன் இடுக்கும் நீர்த்தடுப்பு அல்ல. நீர்த்தடுப்பு அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டிய பூச்சு. அந்தப் பூச்சு தோற்கும் இடமும் பெரும்பாலும் தரை நடுவில் இல்லை. தளத்தைத் துளைத்து டிராப்பும் குழாயும் இறங்கும் வளையத்தில், தரையும் சுவரும் சேரும் மூலையில், கதவு நிலையின் அடியில்.

சோதனை தரையைக் காட்டினால், உடைத்துத்தான் செய்ய வேண்டும். குழாயைச் சுற்றியுள்ள துளையைச் சுருங்காத கிரௌட்டால் நிரப்புங்கள். மூலைகளைக் கலவையால் சரிவாக உருட்டுங்கள், செங்குத்து மூலையில் பூச்சு நிற்காது. நீர்த்தடுப்பு இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக, மூலைகளிலும் குழாயைச் சுற்றியும் வலை வைத்து. சுவரில் 300 மி.மீ. உயரம், ஷவர் பக்கம் 1.8 மீட்டர் உயரம். காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் கீழே போய்ப் பாருங்கள். அதன் பிறகுதான் டிராப்பை நோக்கி 80க்கு 1 சரிவில், அதாவது 2 மீட்டருக்கு 25 மி.மீ., மட்டக் கலவை. டைல்ஸ் ஒட்டியபின் இன்னொரு முறை தேக்கிப் பாருங்கள். விநியோகக் குழாயைச் சுவருக்குள் மூடும் முன், பயன்பாட்டு அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் பம்ப் வைத்துச் சோதியுங்கள். முள் ஒரு மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும்.

நீர்த்தடுப்பு அடித்த தரையில் பிறகு யாரும் துளை போடக் கூடாது. கோப்பையின் திருகாணி ஒன்று போதும் முழு வேலையும் வீணாக.

கே: உள்படிக்கட்டில் முதல் படியில் எல்லோரும் தடுக்குகிறார்கள். கடைசிப் படி ஏறக் கஷ்டமாக இருக்கிறது. மற்ற படிகளெல்லாம் சரியாக இருக்கின்றன.

ப: தளத்திலிருந்து தளம் 3 மீட்டர், 18 ஏற்றம் (ஒரு படியின் உயரம்), ஒவ்வொன்றும் 167 மி.மீ. என்று கான்கிரீட் படியைச் சமமாகப் பிரித்திருப்பார்கள். பிறகு அறைத் தரையில் மட்டக் கலவையும் டைல்ஸுமாக 50 மி.மீ. ஏறியது. படிகளிலோ 25 மி.மீ. கல்தான் வந்தது. கணக்குப் போடுங்கள்: முதல் ஏற்றம் 142 மி.மீ. ஆகக் குறையும், கடைசி ஏற்றம் 192 ஆக ஏறும். இரண்டு மூன்று படி ஏறியதுமே கால் அந்த உயரத்துக்குப் பழகிவிடுகிறது. அதனால்தான் ஒரு படி மட்டும் மாறும்போது தடுக்குகிறது. கட்டட விதிகள் ஒரே படிக்கட்டில் ஏற்றங்கள் சமமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதனால்தான்.

இப்போது செய்யக்கூடியது, நடுப்படிகளின் கல்லை எடுத்து, முடிந்த தரை மட்டத்திலிருந்து முடிந்த தரை மட்டம் வரை அளந்து எல்லாவற்றையும் மறுபடி சமமாக்குவது. உங்கள் கணக்கில் ஒவ்வொரு படியிலும் கூடுதலாக 25 மி.மீ. கலவை ஏற்றினால் சரியாகிவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் சென்ட்ரிங் அடிக்கும் முன்னரே தரைப் பூச்சின் தடிமனை முடிவு செய்துவிட வேண்டும். ஏற்றத்தின் இருமடங்கும் மிதியின் (கால் வைக்கும் பரப்பு) அகலமும் கூட்டினால் 600 முதல் 640 மி.மீ.க்குள் வந்தால் ஏற இதமாக இருக்கும். 167 ஏற்றத்துக்கு 280 மிதி என்றால் 614.

கே: மேல்மாடியில் தளத்துக்கும் சுவருக்கும் நடுவே படுக்கைவாட்டில் நீளமாக விரிசல். ஒவ்வொரு வருடமும் பட்டி வைக்கிறோம், திரும்ப வருகிறது.

ப: வெயிலில் மொட்டைமாடித் தளம் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. 10 மீட்டர் தளம் 30 டிகிரி மாற்றத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. நகரும். கெட்டியான பட்டி அதைத் தாங்காது. விரிசலைச் சிறு பள்ளமாக வெட்டி, நெகிழ்ந்து கொடுக்கும் சீலன்ட் நிரப்புங்கள். மேலே வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ வெப்பத்தடுப்போ போட்டால் நகர்வே குறையும். விரிசல் படிக்கட்டுபோல் செங்கல் மூட்டுகளில் சரிந்து இறங்கினாலோ, மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தாலோ அது வேறு விஷயம், அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரு முனையிலும் தேதியோடு கோடு போட்டுவைத்து, அகலத்தையும் குறித்துக்கொண்டு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கே: மாடி எடுக்கலாம் என்று பில்லர் கம்பிகளை நீட்டி விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. துரு ஏறியிருக்கிறது. அதன்மேலேயே கட்டலாமா? அனுமதி அப்போதே வாங்கியதுதான்.

ப: கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து வெர்னியர் அளவுகோலால் விட்டத்தை அளந்து பாருங்கள், குறிப்பாகக் கான்கிரீட்டிலிருந்து வெளிவரும் இடத்தில். துரு அதிகம் அரிப்பது அங்கேதான். 16 மி.மீ. கம்பி 14 ஆகியிருந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் குறுக்குப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. புதுக் கம்பியோடு இணைக்க விட்டத்தின் 50 மடங்கு நீளம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 16 மி.மீ. கம்பிக்கு 800 மி.மீ. அவ்வளவு நல்ல கம்பி மிஞ்சவில்லை என்றால், பில்லர் தலையை உடைத்து நல்ல பகுதியை வெளியே எடுப்பதா, கப்ளர் (இரண்டு கம்பிகளை இணைக்கும் இரும்பு உறை) போடுவதா என்பதைப் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். மடக்கி வைத்த கம்பியைத் திரும்ப நிமிர்த்த வேண்டாம், மடங்கிய இடத்தில் கீறல் விழுந்திருக்கும்.

கம்பியைவிடப் பெரிய கேள்வி அஸ்திவாரம். நீட்டிய கம்பி இருப்பதாலேயே அஸ்திவாரம் இன்னொரு மாடிக்குக் கணக்கிடப்பட்டது என்று ஆகிவிடாது. பழைய கட்டமைப்பு வரைபடம் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பில்லர் பக்கம் குழி தோண்டி அடித்தளத்தின் அளவையும் ஆழத்தையும் பார்க்க வேண்டியதுதான். அனுமதிக்குக் காலவரை உண்டு. பழையது கீழ்த்தளத்துக்கு மட்டும் வாங்கியதா, மாடிக்கும் சேர்த்தா என்று பாருங்கள். காலம் கடந்திருந்தால் இன்றைய விதிப்படி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அன்று போதுமானதாக இருந்த இடைவெளியும் உயரமும் இன்று போதாமல் போகலாம், அதனால் இதைக் கம்பி வாங்குவதற்கு முன்னால் செய்யுங்கள்.

கே: வயரிங் முழுவதும் மாற்றினோம். இப்போது ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) அடிக்கடி விழுகிறது. "அதை எடுத்துவிட்டு எம்சிபி மட்டும் வைத்துக்கொள்ளலாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன்.

ப: எடுக்கவே கூடாது. எம்சிபி, அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால் துண்டித்து, வயரைக் காப்பது. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமில்லை என்றால் அது விழும், அதுதான் அதன் வேலை.

புது வயரிங்கில் வழக்கமான காரணம், இரண்டு ஆர்சிசிபிகளின் கீழ் வரும் நியூட்ரல்கள் ஏதோ ஒரு சுவிட்ச் பெட்டிக்குள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பது. ஒன்றின் வழியே போன மின்னோட்டம் மற்றொன்றின் வழியே திரும்பும், எந்தப் பழுதும் இல்லாமலேயே விழும். எல்லா எம்சிபியையும் அணைத்துவிட்டு ஆர்சிசிபியை மட்டும் ஏற்றுங்கள். அப்போதும் விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, ஏனென்றால் ஒற்றைமுனை எம்சிபி நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. நின்றால் ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் விழுந்தால் அந்தச் சர்க்யூட்டில் உள்ள சாதனங்களைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். கீசரின் எலிமென்ட்டும் மழை படும் வெளிப்பெட்டியும் முதலில் சந்தேகப்பட வேண்டியவை.

இதோடு, சாதனங்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரால் (வயரின் மின்காப்பை அளக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதித்து, அளவுகளை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த வயரை இழுத்து மாற்ற வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் என்றால் இந்த அறிக்கை தருவதில் தயக்கம் இருக்காது. எம்சிபி விழுகிறது என்று 16 ஆம்பியரை 32 ஆக மாற்றியிருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே 1.5 சதுர மி.மீ. வயர் இருந்தால், எம்சிபி விழுவதற்கு முன்னால் வயர் சூடேறி எரியும்.